அண்டித்தோட்டு எண்ணெயும் கரண்ட் கடத்தும் படலமும்: வேதியியல் என்ன, விலைக் கணக்கு என்ன?

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முந்திரித் தொழிலில் இருப்பவர்களிடம் ஒரு பேச்சு விட்டுவிட்டு எழும். அண்டித்தோட்டு எண்ணெயிலிருந்து, அதாவது முந்திரிக் கொட்டை ஓட்டின் எண்ணெயிலிருந்து, கரண்ட் கடத்தும் பிளாஸ்டிக் செய்கிறார்களாம், அது வந்துவிட்டால் தோட்டுக்கு நல்ல விலையாம். பேச்சு கை மாறிக் கை மாறி, எண்ணெயிலேயே கரண்ட் இருக்கிறது என்கிற அளவுக்குப் போய்விடுவதும் உண்டு.

இதில் மூன்று விஷயங்கள் குழம்பிக் கிடக்கின்றன. மின்சாரம் கடத்தும் பாலிமர் (பிளாஸ்டிக் போல, சிறு மூலக்கூறுகள் நீண்ட சங்கிலியாகக் கோத்த பொருள்) என்று ஒன்று இருப்பது உண்மை. நோபல் பரிசு வாங்கிய உண்மை. அந்தப் பாலிமரைச் சோப்பு வகை மூலக்கூறுகளை வைத்து மெல்லிய படலமாக்குவதும் உண்மை. 1980களிலிருந்து வளர்ந்து வந்த முறை அது. அந்தச் சோப்பு வகை மூலக்கூறை முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து செய்யலாம் என்பதும் உண்மை. இதற்கான ஆய்வு தொலைதூரத்தில் நடக்கவில்லை. களியக்காவிளையில் திருவனந்தபுரம் தம்பானூருக்குப் போகும் பஸ் ஏறினால், பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் தாண்டி பாப்பனங்கோடு வரும். அங்கே உள்ள மத்திய அரசின் நிஸ்ட் ஆய்வகத்தில்தான், முன்பு ஆர்ஆர்எல் என்று அழைக்கப்பட்ட இடம், இந்த வேலை நடந்தது.

விலை ஏறும் என்பது மட்டும் யாரோ வழியில் சேர்த்துக்கொண்டது. அது ஏன் நடக்காது என்பதற்கான விடை படலத்தின் தடிமனிலேயே இருக்கிறது. அடிப்படையிலிருந்து போவோம்.

பிளாஸ்டிக் எப்படிக் கரண்ட் கடத்தும்?

வயரின் மேலுறை பிளாஸ்டிக். கரண்ட் வெளியே வரக்கூடாது என்பதற்காகவே அதைப் போடுகிறோம். அதில் எலக்ட்ரான்கள் தங்கள் தங்கள் பிணைப்பில் கட்டுண்டு கிடக்கின்றன, நகர இடமில்லை.

சில பாலிமர்களின் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும். அப்படி வந்தால் எலக்ட்ரான்கள் சங்கிலி நெடுகப் பரவி நிற்கும். அது மட்டும் போதாது. அந்தச் சங்கிலியிலிருந்து சில எலக்ட்ரான்களைப் பிடுங்க வேண்டும், அல்லது அமிலத்தால் புரோட்டான் ஏற்ற வேண்டும். அப்போதுதான் இடம் காலியாகி மின்சுமை நகரத் தொடங்கும். இதற்கு டோப்பிங் என்று பெயர். சேர்க்கிற பொருள் டோப்பன்ட்.

1977ல் ஹிதேகி ஷிரகாவா, ஆலன் மெக்டையர்மிட், ஆலன் ஹீகர் மூவரும் பாலிஅசிட்டிலீன் படலத்தின் மேல் ஹாலஜன் ஆவியைச் செலுத்திக் காட்டியது இதைத்தான். கடத்துதிறன் ஒரு கோடி மடங்குக்கு மேல் கூடியது. 2000ஆம் ஆண்டு வேதியியல் நோபல் மூவருக்கும் கிடைத்தது.

பாலிஅசிட்டிலீன் காற்றுப் பட்டாலே கெட்டுவிடும். அதனால் நடைமுறைக்கு வந்தவை வேறு: பாலிஅனிலின், பாலிபைரோல், பாலிதயோபீன் வகைகள். இந்தக் கட்டுரைக்குப் பாலிஅனிலின் முக்கியம். அதன் காரத்தன்மை உள்ள வடிவம் நீலம், கடத்தாது. அமிலம் ஏறிய வடிவம் பச்சை, கடத்தும். இரண்டுக்கும் நடுவே கடத்துதிறனில் ஏறக்குறைய ஆயிரம் கோடி மடங்கு வித்தியாசம். நிறத்தைப் பார்த்தே நிலையைச் சொல்லிவிடலாம் என்பது ஆய்வகத்தில் வேலை செய்பவர்களுக்குப் பெரிய வசதி.

செய்வது எளிது, பூசுவது கடினம்

பாலிஅனிலினின் மூலப்பொருளான அனிலினை அமிலத் தண்ணீரில் கரைத்து, அமோனியம் பெர்சல்பேட் போன்ற ஒரு ஆக்சிஜனேற்றியைச் சேர்த்தால் போதும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காதது போல் இருக்கும். அப்புறம் நீலம் தட்டும், கலவை சூடாகும், கரும்பச்சையாகி அடியில் மண்டியாகப் படியும். அந்த மண்டிதான் கரண்ட் கடத்தும் பாலிமர்.

அதை வைத்து என்ன செய்வது? உருக்கினால் உருகாது, சூடு ஏற ஏறச் சிதையும். சாதாரணக் கரைப்பான் எதிலும் கரையாது. சாதாரண பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் ஊற்றலாம், பெயின்ட்டைக் கரைத்துப் பூசலாம். இது இரண்டுக்கும் ஒத்துவராது. சங்கிலியை விறைப்பாக வைத்துக் கடத்த வைக்கிற அதே அமைப்புதான் அதைக் கரையாமலும் உருகாமலும் வைத்திருக்கிறது. இந்தத் துறையில் செலவான உழைப்பில் பெரும்பகுதி, பாலிமரைக் கண்டுபிடிப்பதற்கு அல்ல, அதைப் படலமாக்கும் வழிக்குத்தான் போயிருக்கிறது.

சர்ஃபாக்டன்ட் என்றால் என்ன?

சோப்பு, ஷாம்பு, துணி பவுடர் எல்லாவற்றிலும் வேலை செய்கிற மூலக்கூறு சர்ஃபாக்டன்ட். அதற்குத் தண்ணீரை விரும்பும் ஒரு தலை, எண்ணெயை விரும்பும் ஒரு நீண்ட கார்பன் வால். தலையில் எதிர் மின்சுமை இருந்தால் ஆனயனிக், நேர் மின்சுமை இருந்தால் கேட்டயனிக். ஷாம்பு பாட்டிலில் எழுதியிருக்கும் சோடியம் லாரில் சல்பேட் முதல் வகை, வாலில் 12 கார்பன்.

தண்ணீரில் கொஞ்சமாகப் போட்டால் இவை தனித்தனியாக இருக்கும். ஒரு குறிப்பிட்ட செறிவைத் தாண்டியதும் வால்கள் உள்ளே, தலைகள் வெளியே என்று ஒன்றுசேர்ந்து உருண்டைகளாகிவிடும். அந்த உருண்டை மைசெல். அந்த எல்லைச் செறிவு, லாரில் சல்பேட்டுக்கு லிட்டருக்கு 2.3 கிராம் அளவில் வரும். இந்த எண் பின்னால் இரண்டு இடத்தில் தேவைப்படும்.

தண்ணீரில் ஒரு திடப்பொருளைப் போட்டால் கதை மாறுகிறது. அதன் பரப்பில் மின்சுமை இருக்கும். எதிரெதிர்ச் சுமை ஈர்க்கும் என்பதால், சர்ஃபாக்டன்ட் தலைகள் அந்தப் பரப்பில் போய் ஒட்டும். ஒட்டிய வால்களோடு வேறு வால்கள் சேரும். முடிவில் பரப்பின் மேல் இரண்டு அடுக்கு விரிப்பு ஒன்று உருவாகும்: கீழே தலை, நடுவே வால்கள், மேலே மறுபடி தலை. மொத்தத் தடிமன் 4, 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் நானோமீட்டர். இந்த இரட்டையடுக்குக்கு அட்மைசெல் என்று பெயர் வைத்தார்கள். மைசெல் உருவாகும் எல்லைக்குக் கீழே இருக்கும்போதே இது உருவாகிவிடும் என்பதுதான் விசேஷம்.

படலம் உருவாகும் படிகள்

அமெரிக்காவின் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் ஹார்வெல், ஓ'ரியர் ஆகியோரின் குழு 1980களில் இந்த இரட்டையடுக்கையே ஒரு வினைக்களமாக்கியது. 1987ல் அலுமினாவின் (அலுமினிய ஆக்சைடு) மேல் பாலிஸ்டைரீன் படலம் உருவாக்கியதை வெளியிட்டார்கள். அது கடத்தாத பாலிமர். 1990களில் இதே வழியில் பாலிபைரோல் போன்ற கடத்தும் பாலிமர்கள் வந்தன. முறை இதுதான்:

1. பரப்பின் மின்சுமையை அறிந்து அதற்கு எதிரான சர்ஃபாக்டன்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அலுமினா சாதாரணத் தண்ணீரில் நேர்ச்சுமை கொண்டது, அதற்கு ஆனயனிக். கண்ணாடியும் சிலிக்காவும் எதிர்ச்சுமை, அவற்றுக்குக் கேட்டயனிக். அமிலம், காரம் சேர்த்தும் பரப்பின் சுமையைத் திருப்பலாம்.

2. செறிவை மைசெல் எல்லைக்குச் சற்றுக் கீழே நிறுத்த வேண்டும். எல்லையைத் தாண்டினால் தண்ணீரிலும் மைசெல்கள் உருவாகிவிடும். அப்புறம் பாலிமர் பரப்பில் உருவாவதற்குப் பதில் தண்ணீரெல்லாம் உருவாகி மண்டியாகப் படியும். நடைமுறையில் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

3. மோனோமரை, அதாவது பாலிமர் சங்கிலியின் ஒற்றைக் கண்ணியாகப் போகும் சிறு மூலக்கூறை, சேர்க்க வேண்டும். பைரோல் போன்றவை எண்ணெய்த்தன்மை கொண்டவை என்பதால் வால்கள் இருக்கும் நடுப்பகுதியில் போய்த் தங்கும்.

4. ஆக்சிஜனேற்றியைச் சேர்த்தால் மோனோமர்கள் இருந்த இடத்திலேயே கைகோத்துப் பாலிமர் ஆகும்.

5. தண்ணீரில் அலச வேண்டும். மேலே உள்ள சர்ஃபாக்டன்ட் போய்விடும், பாலிமர் ஒட்டியபடி நிற்கும்.

கட்டட வேலை தெரிந்தவர்களுக்கு இதைச் சென்ட்ரிங் என்று சொன்னால் உடனே புரியும். பலகை அடித்து, கான்கிரீட் போட்டு, இறுகியதும் பலகையைக் கழற்றுகிறோம். கூரை நிற்கும். சர்ஃபாக்டன்ட் அந்தப் பலகை.

மேலே எழுதிய மூன்றாம் படி பைரோலுக்குச் சரியாகப் பொருந்தும், அனிலினுக்குக் கொஞ்சம் மாறும். அமிலத்தில் அனிலின் நேர்ச்சுமை பெற்றுவிடுவதால் எண்ணெய்ப் பகுதிக்குள் நுழையாமல், ஆனயனிக் தலைகளின் பக்கத்தில் வரிசையாக நிற்கும். விளைவு ஏறக்குறைய அதேதான். ஆனால் பாடப்புத்தகப் படத்தில் எல்லாவற்றையும் நடு அடுக்கில் வரைந்துவிடுவார்கள், அது எப்போதும் சரியல்ல.

இன்னொன்று. படலம் என்றதும் சீரான விரிப்பு என்று நினைக்க வேண்டாம். அணுவிசை நுண்ணோக்கியில் பார்த்தால் தட்டைத் திட்டுகளாக, இடையிடையே மேடுகளாகத் தெரிவதும் உண்டு. திட்டுகள் ஒன்றையொன்று தொட்டால்தான் கரண்ட் போக வழி. தொடாவிட்டால் ஒவ்வொரு திட்டும் நன்றாகக் கடத்தும், மொத்தப் பரப்பு கடத்தாது.

தண்ணீர்ப் பரப்பின் மேல் ஒற்றை அடுக்காக மூலக்கூறுகளைப் பரப்பி, அதைத் தகட்டில் எடுக்கும் பழைய முறையும் ஒன்று உண்டு. அதன் தொடக்கம் ஜெர்மனியில் ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்ற பெண் வீட்டுச் சமையலறையில் செய்த சோதனைகள். 1891ல் 'நேச்சர்' இதழில் வந்தன. பின்னால் லாங்முயரும் பிளாட்ஜெட்டும் அதை முறையாக்கினார்கள். அழகான முறை, ஆனால் தட்டையான சிறு தகடுகளுக்குத்தான் தோதுப்படும்.

பலகையைக் கழற்றாத வழி

1992ல் ஹீகரின் குழு வேறொரு வழியைக் காட்டியது. சர்ஃபாக்டன்ட்டை அச்சாக மட்டும் ஏன் வைக்க வேண்டும், அதையே டோப்பன்ட் ஆக்கினால் என்ன?

பாலிஅனிலினுக்குத் தேவை ஒரு அமிலம். சர்ஃபாக்டன்ட்டின் தலையே அமிலமாக இருந்தால், தலை பாலிமரில் ஒட்டிக் கடத்தும்படி செய்யும். வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த வால் கரைப்பானோடு பழகும். கரையவே கரையாத பாலிமர் சைலீன் போன்ற எண்ணெய்க் கரைப்பானில் கரைந்து வரும். அதைப் பெயின்ட் போலப் பூசிக் காய வைக்கலாம். இங்கே சர்ஃபாக்டன்ட் வெளியேறுவதில்லை, படலத்தின் பகுதியாகவே நின்றுவிடுகிறது.

அவர்கள் பயன்படுத்தியவற்றில் முக்கியமானது டோடெசில் பென்சீன் சல்ஃபானிக் அமிலம். பெயர் நீளம், சரக்கு தெரிந்ததுதான். வீட்டில் பாத்திரம் கழுவும் லிக்விட் தயாரிக்கும் மகளிர் குழுக்கள் வாங்கும் ஆசிட் ஸ்லரி இந்தக் குடும்பம்தான். தேன்பாகு பதத்தில், கறுப்பும் பழுப்புமாக, மூக்கில் காரமாக ஏறும் நெடியோடு கேனில் வரும். காஸ்டிக் சோடாவோ சலவைச் சோடாவோ சேர்த்துச் சமப்படுத்தினால் நுரைக்கும் சோப்பு. சமப்படுத்தாமல் அமிலமாகவே பாலிஅனிலினோடு சேர்த்தால் டோப்பன்ட்.

அதன் அமைப்பைக் கவனிக்க வேண்டும்: ஒரு பென்சீன் வளையம், அதில் 12 கார்பன் வால், இன்னொரு பக்கம் சல்ஃபானிக் அமிலத் தலை. வால் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது.

முந்திரி ஓட்டு எண்ணெய் நுழையும் இடம்

முந்திரிக் கொட்டையின் வெளித்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவே சிறுசிறு அறைகளில் இந்த எண்ணெய் இருக்கிறது. அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை தல்லும் (உடைக்கும்) பெண்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ தேய்த்துக்கொண்டு உட்காருவது இதற்குப் பயந்துதான். பட்டால் தோல் வெந்து உரியும், விரலில் கறுப்பு ஏறினால் லேசில் போகாது. படகுக்கும் மரத்துக்கும் பூசப் பயன்பட்டு வந்தது. தொழிற்சாலைகளில் பிரேக் லைனிங், பெயின்ட், வார்னிஷ் என்று போகிறது.

கொட்டையில் இருக்கும்போது இதில் பெரும்பகுதி அனகார்டிக் அமிலம். வறுக்கும் சூட்டில் அது கார்பன் டைஆக்சைடை விட்டுவிட்டு கார்டனால் ஆகிறது. வறுத்து எடுத்த எண்ணெயில் ஏறக்குறைய 60 சதவீதம் கார்டனால்தான். குளிர்முறையில் பிழிந்த எண்ணெயும் வறுத்த எண்ணெயும் ஒன்று அல்ல என்பதை வாங்குபவர்கள் கேட்டுக் கேட்டே வாங்குவார்கள்.

கார்டனாலின் அமைப்பு: ஒரு பென்சீன் வளையம், அதில் 15 கார்பன் வால், ஒரு ஹைட்ராக்சில் தொகுதி. ஆசிட் ஸ்லரியின் மூலக்கூறோடு வைத்துப் பார்த்தால் வளையமும் வாலும் தயாராக இருக்கின்றன. வேலை தலை மாட்டுவது மட்டுமே.

பாப்பனங்கோட்டில் சி.கே.எஸ். பிள்ளையின் குழு 1990களின் கடைசியில் இதைச் செய்தது. கார்டனாலின் வாலில் ஹைட்ரஜன் ஏற்றி, பாஸ்பாரிக் அமிலத் தலையை மாட்டி, அதைப் பாலிஅனிலினுக்கு டோப்பன்ட் ஆக்கினார்கள். கிடைத்த பொருளை உருக்கியும் கரைத்தும் படலமாக்க முடிந்தது. 2006ல் ஜெயக்கண்ணன் குழு, சாயத் தொழிலில் வழக்கமான அசோ இணைப்பு முறையில் கார்டனாலுக்குச் சல்ஃபானிக் அமிலத் தலை கொடுத்து, அந்தச் சர்ஃபாக்டன்ட் தண்ணீரில் தானாக அடுக்கிக்கொள்ளும் அமைப்பையே அச்சாக வைத்துப் பாலிஅனிலின் நுண்ணிழைகளை உருவாக்கிக் காட்டியது. முதல் வேலையில் எண்ணெயின் பங்கு டோப்பன்ட், இரண்டாவதில் அச்சு, டோப்பன்ட் இரண்டுமே.

ஆக, எண்ணெய் கரண்ட் கடத்தவில்லை. கடத்துவது அனிலினிலிருந்து வந்த சங்கிலி. அனிலின் பெட்ரோகெமிக்கல் சரக்கு. அதைக் கடத்தும் நிலைக்குக் கொண்டுவந்து, பூசும் பதத்துக்குத் தளர்த்துவது எண்ணெயிலிருந்து வந்த மூலக்கூறு.

தொந்தரவுகளும் உண்டு. கார்டனால் ஒரே பொருள் அல்ல. வாலில் இரட்டைப் பிணைப்பு இல்லாதது, ஒன்று உள்ளது, இரண்டு உள்ளது, மூன்று உள்ளது என நான்கின் கலவை. கொட்டை எந்த நாட்டிலிருந்து வந்தது, எப்படி வறுத்தார்கள் என்பதைப் பொறுத்தும் சரக்கு மாறும். பாலிமர் செய்யப் போடும் ஆக்சிஜனேற்றி அந்த இரட்டைப் பிணைப்புகளையும் பீனால் பகுதியையும் கூடத் தாக்கும். அதனால்தான் பிள்ளையின் குழு முதலில் ஹைட்ரஜன் ஏற்றி வால்களை ஒரே மாதிரி ஆக்கிக்கொண்டது. அந்த ஒரு படி சேர்ந்ததுமே ஆலை வாசலில் கிடைக்கும் கறுப்பு எண்ணெய்க்கும் இதற்குமான விலைத்தூரம் பல மடங்காகிவிடும்.

எவ்வளவு கடத்தும்?

செம்பின் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 6 லட்சம் சீமென்ஸ். நல்ல பாலிஅனிலின் 1 முதல் 10 சீமென்ஸ். 1 என்றே வைத்துக்கொள்வோம்.

10 நானோமீட்டர் தடிமனில் ஒரு சதுரமான படலம். ஒரு ஓரத்திலிருந்து எதிர் ஓரத்துக்கு மின்தடை 10 லட்சம் ஓம். சதுரம் பெரிதானாலும் சிறிதானாலும் இந்த எண் மாறாது, ஏனென்றால் நீளம் கூடும்போது அகலமும் கூடுகிறது. அதே தடிமனில் செம்பு இருந்தால் 2 ஓமுக்கும் குறைவாகவே கணக்கு வரும்.

அந்தப் பாலிமர் படலத்துக்கு 230 வோல்ட் கொடுத்தால் ஓடுவது 0.23 மில்லி ஆம்பியர். பல்பு எரியாது. வயருக்கு மாற்று என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் அதே 10 லட்சம் ஓம் வேறொரு வேலைக்குக் கச்சிதம். நிலைமின்சாரத்தை மெதுவாக வடிய விட வேண்டிய இடங்களில், ஒரு லட்சம் ஓம் முதல் நூறு கோடி ஓம் வரை உள்ள பரப்புதான் வேண்டும். அதற்கும் குறைவாக இருந்தால் பொறி பறக்கும், கூடுதலாக இருந்தால் சுமை தேங்கும். எலக்ட்ரானிக் உதிரிகள் வைக்கும் தட்டு, பை, தரைவிரிப்பு, பஞ்சு தூசி பறக்கும் ஆலைத் துணி எல்லாம் இந்த வகை. பெடாட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இன்னொரு கடத்தும் பாலிமர், புகைப்படச் சுருளில் நிலைமின்சாரம் சேராமல் இருக்கப் பூசித்தான் சந்தைக்கு வந்தது. புதிதாக வருகிற எதுவும் அதோடு போட்டி போட்டாக வேண்டும்.

அடுத்த பயன் மோப்பம் பிடிப்பது. பச்சைப் பாலிஅனிலின் அமோனியா பட்டால் அமிலத்தை இழந்து நீலத்துக்குப் போகும், கடத்துதிறன் சரியும். படலம் எவ்வளவு மெலிதோ அவ்வளவு வேகமாக உணரும். மீன் கெடும்போது வெளியாகும் அமீன் வாயுக்களும் இதே குடும்பம். தேங்காப்பட்டணம், குளச்சல் போன்ற துறைகளில் ஐஸ் பெட்டிக்குள் ஒட்டக்கூடிய ஒரு துண்டு அட்டையை நினைத்துப் பார்த்தால் போதும். என் கணிப்பில், கடத்தும் வயரைவிடவும் சோலாரைவிடவும் இந்த மாதிரிச் சின்ன உணர்விகளுக்குத்தான் இந்தப் படலம் பொருந்தும்.

இதே குணம் குறையும் ஆகும். பூசிய துணியைக் காரமான துணிசோப்பில் துவைத்தால் கடத்துதிறன் போய்விடும். அமிலத்தில் முக்கினால் பெரும்பகுதி திரும்பும், ஆனால் அப்படி யார் துவைப்பார்கள்?

ஒரு மூட்டை அண்டிக்கு எத்தனை ஏக்கர்?

இப்போது விலைப் பேச்சுக்கு வருவோம்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 10 நானோமீட்டர் படலம் என்றால் கன அளவு 0.01 கன சென்டிமீட்டர். எடை சுமார் 13 மில்லிகிராம். ஒரு கிலோ படலப் பொருள் 75,000 சதுர மீட்டருக்கு மேல் வரும், அதாவது 19 ஏக்கர்.

80 கிலோ மூட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொட்டை எடையில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் என்றால் 16 கிலோ. அதில் கார்டனால் 10 கிலோ அளவில். சல்ஃபானிக் தலை மாட்டினால் எடை கூடி 12 கிலோவைத் தாண்டும். பாலிஅனிலினில் இரண்டு அனிலின் அலகுக்கு ஒரு டோப்பன்ட் என்பது வழக்கமான விகிதம்; டோப்பன்ட் மூலக்கூறு பெரிது என்பதால் படலத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அதுவாகவே இருக்கும். அப்படியானால் 12 கிலோ டோப்பன்ட்டுக்கு 18, 19 கிலோ படலப் பொருள். அது 350 ஏக்கர்.

வீணாவது, பிழிவதில் தங்குவது, சுத்திகரிப்பில் போவது என்று பாதிக்கு மேல் கழித்தாலும் ஒரே மூட்டையில் நூற்றைம்பது ஏக்கர் பரப்புக்குப் பூசலாம். தடிமனைப் பத்து மடங்கு கூட்டினாலும் பத்து மூட்டைக்கு அதே பரப்பு. விளவங்கோடு தாலுகாவில் உள்ள ஆலைகள் ஒரு நாளில் வறுக்கும் கொட்டைக்கு முன்னால் இந்தத் தேவை ஒரு பொருட்டே இல்லை. மெல்லிய படலம் என்ற தொழில்நுட்பத்தின் சாமர்த்தியமே குறைவான பொருளில் நிறையப் பரப்பை மூடுவதுதான். அப்படிப்பட்ட ஒன்று மூலப்பொருளின் விலையைத் தூக்கிவிடும் என்று எதிர்பார்ப்பது கணக்குக்கு ஒத்துவராது.

தொட்டித் தண்ணீர் என்ன ஆகும்?

செய்தி சொல்பவர்கள் தொடாத பகுதி இது. இரட்டையடுக்கு முறையில் ஒரு சதுர மீட்டர் பரப்பு எடுத்துக்கொள்ளும் சர்ஃபாக்டன்ட் சுமார் 2 மில்லிகிராம். ஆனால் தொட்டியில் ஒவ்வொரு லிட்டரிலும் 2 கிராமுக்குமேல் கரைந்திருக்க வேண்டும் என்று முன்னால் பார்த்தோம். ஒரு சதுர மீட்டர் தகட்டைப் பத்து லிட்டர் தொட்டியில் முக்கினால், போட்ட சர்ஃபாக்டன்ட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் தகட்டில் ஏறும். மீதி தண்ணீரில்.

நுண்பொடி என்றால் கதை வேறு. ஒரு கிராம் நுண்ணிய அலுமினாவுக்கு 100 சதுர மீட்டர் பரப்புகூட இருக்கும். பத்து கிராம் போட்டாலே தொட்டியில் உள்ள ஒரு லிட்டர் அளவுச் சரக்கை உறிஞ்சிவிடும். அதனால் இந்த முறை தட்டையான தகட்டைவிடப் பொடி, நூல், ரப்பர் பால் போன்ற பரப்பு மிகுந்த பொருள்களுக்கே ஏற்றது. பருத்தித் துணி மேல் பாலிபைரோல் ஏற்றிய ஆய்வுகள் இந்தக் காரணத்தால்தான் வந்தன.

ரப்பர் பாலைத் தனியாகச் சொல்ல வேண்டும், குலசேகரம், அருமனைப் பக்கம் அது வீட்டுக்கு வீடு உள்ள சரக்கு. தாய்லாந்தின் சூலலாங்கார்ன் பல்கலைக்கழகமும் ஒக்லஹோமாவும் சேர்ந்து ரப்பர் பால் துகள்களின் மேலேயே பாலிபைரோல் போர்த்தி 2002ல் வெளியிட்டார்கள். ரப்பரைக் கடத்த வைக்கக் கரித்தூள் சேர்ப்பது பழைய வழி, நிறையச் சேர்க்க வேண்டும், ரப்பர் விறைத்துவிடும். துகளின் மேல் மட்டும் தோலாகப் போர்த்தினால், ஷீட் ஆகும்போது அந்தத் தோல்கள் ஒன்றோடொன்று தொட்டு வலையாகிவிடும். மிகக் குறைவான பாலிமர் போதும். சிக்கல் என்னவென்றால், பாலில் ஃபார்மிக் ஆசிட் விட்டால் திரிந்து உறையும் என்பது ரப்பர் வெட்டுபவர் எல்லோருக்கும் தெரியும். கடத்தும் பாலிமர் உருவாவதற்கும் அமிலச் சூழல் வேண்டும், ஆக்சிஜனேற்றியாகப் போடும் இரும்பு உப்புகளும் பாலைத் திரிக்கும். துகள்களைப் பிரித்து நிறுத்தும் வேலையும் சர்ஃபாக்டன்ட்டின் தலையிலேயே விழுகிறது.

தண்ணீருக்குத் திரும்பினால், மீதிச் சர்ஃபாக்டன்ட்டோடு வினைபடாத அனிலின், ஆக்சிஜனேற்றியின் எச்சம், துண்டு பாலிமர் எல்லாம் அதில் இருக்கும். அனிலின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுத்து உதட்டை நீலமாக்கும். முந்திரியிலிருந்து வந்தது என்பதால் இதைப் பசுமைத் தொழில் என்று ஒட்டுமொத்தமாக முத்திரை குத்த முடியாது. குழித்துறை ஆற்றங்கரையில் இப்படி ஒரு பட்டறை வருகிறது என்றால் முதல் கேள்வி, அலசிய தண்ணீர் எங்கே போகிறது என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

ஆலைக்காரருக்கு இதில் என்ன?

கொஞ்சம் இருக்கிறது, ஆனால் அது தோட்டு விலையில் இல்லை. கறுப்பு எண்ணெயைப் பீப்பாயில் ஏற்றி அனுப்புகிற ஆலைக்கும், வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து வெளிறிய மஞ்சள் கார்டனாலாகக் கொடுக்கிற ஆலைக்கும் இப்போதே விலையில் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியை உண்டாக்கியது எப்பாக்சி, பெயின்ட் தொழில்கள். படலத்துக்கு வேண்டியது அதையும்விடத் தூய்மையான, வாலில் ஹைட்ரஜன் ஏற்றிய, மூட்டைக்கு மூட்டை மாறாத சரக்கு. வாங்கும் அளவு கிலோக் கணக்கில்தான் இருக்கும், டன் கணக்கில் இருக்காது. வடிக்கும் அலகு வைத்திருப்பவர் தன் வழக்கமான வாடிக்கையோடு கூட இன்னொரு சிறு வாடிக்கையாகப் பார்க்கலாம். அலகு இல்லாதவர் இதை நம்பிக் கடன் வாங்கி ஒன்றை நிறுவினால், அதன் வட்டியைப் பெயின்ட் கம்பெனி ஆர்டர்தான் கட்ட வேண்டும்.